காந்தியடிகளுக்குத் துக்கம் காத்த பதின்மூன்று நாட்கள்

"நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகணும்" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். கல்யாண வீட்டுக்கு வராமல் ஒதுங்கிய பங்காளிகூட, சாவு என்று கேள்விப்பட்டால் வந்து வாசலில் நிற்பார். அங்கே பழைய கணக்கைக் கிளறக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது என்பது எழுதாத சட்டம். ஒரு வீட்டுச் சாவுக்கே இத்தனை கட்டுப்பாடு வைத்திருக்கிறோமே, நாட்டின் தலைவர் ஒருவர் கொலையுண்டு கிடக்கும்போது அந்த நாடு எப்படித் துக்கம் காக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதியையும் அதற்கடுத்த நாட்களையும் திரும்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். காந்தியடிகளின் வாழ்க்கை வரலாற்றை இங்கே விவரிக்கப் போவதில்லை. அது நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அவர் மறைந்த பிறகு இந்த நாடு துக்கத்தை எப்படித் தாங்கிற்று, எந்த இடத்தில் தாங்க முடியாமல் தவறிற்று என்பதுதான் நான் சொல்ல விரும்புவது. சொந்த மாநிலத்தை விட்டு வெளியே வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இது வெறும் பழங்கதை இல்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

தில்லியில் 144 நாட்கள்

1947 செப்டம்பர் 9ஆம் தேதி காந்தியடிகள் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு வந்து இறங்கினார். அங்கிருந்து பஞ்சாபுக்குப் போவதாக ஏற்பாடு. ஆனால் தில்லி இருந்த நிலையைப் பார்த்த பிறகு அவரால் நகர முடியவில்லை. பாகிஸ்தானிலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்த இந்து, சீக்கிய அகதிகள் ஒருபுறம். வீடு வாசலை விட்டுப் புராணா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறை வளாகத்திலும் அடைக்கலம் புகுந்திருந்த தில்லி முஸ்லிம்கள் மறுபுறம். வழக்கமாக அவர் தங்கும் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் அகதிகள் நிறைந்திருந்ததால், அல்புகெர்க் சாலையிலிருந்த பிர்லா மாளிகையில் தங்க வைத்தார்கள். அந்தச் சாலைக்குத்தான் இன்று 'தீஸ் ஜனவரி மார்க்' என்று பெயர். அங்கே அவர் வாழ்ந்தது 144 நாட்கள்.

அந்த 144 நாட்களில் அவர் காட்டிய துணிச்சல், தண்டி யாத்திரையில் காட்டிய துணிச்சலைவிடப் பெரியது என்று எனக்குத் தோன்றுகிறது. அன்று எதிரே நின்றது அந்நிய ஆட்சி. பின்னால் நாடே நின்றது. 1948இல் அவர்மேல் கோபப்பட்டவர்கள் அவருடைய சொந்த மக்கள். குடும்பத்தைப் பறிகொடுத்துவிட்டு வந்தவனிடம், "பழிவாங்காதே, பிடித்த மசூதியைத் திருப்பிக் கொடு" என்று சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

ஜனவரி 13ஆம் தேதி அவர் உண்ணாவிரதம் தொடங்கினார். அவருக்கு வயது 78. அந்த நாட்களில் பிர்லா மாளிகை வாசலில், காந்தி சாகட்டும் என்று கோஷம் எழுந்தது. அப்போது காரில் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரு, கீழே குதித்து அந்தக் கூட்டத்துக்குள் ஓடி, முதலில் தம்மைக் கொல்லும்படி சத்தமிட்டார் என்று பதிவாகியிருக்கிறது. ஜனவரி 15ஆம் தேதி, பாகிஸ்தானுக்குத் தர வேண்டியிருந்த 55 கோடி ரூபாயைக் கொடுத்துவிட அமைச்சரவை முடிவு செய்தது. ஆனாலும் உண்ணாவிரதம் நிற்கவில்லை. தில்லி மக்கள் மனம் மாற வேண்டும் என்பதே அவர் கேட்டது.

ஜனவரி 18ஆம் தேதி பல்வேறு சமூகத்தாரின் பிரதிநிதிகள் ராஜேந்திர பிரசாத் தலைமையில் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள். அதில் என்னென்ன இருந்தன தெரியுமா? மெஹ்ரோலியில் குவாஜா குத்புதீன் பக்தியார் காக்கி தர்காவின் உர்ஸ் விழா வழக்கம்போல நடக்கும். கைப்பற்றப்பட்ட மசூதிகள் திருப்பித் தரப்படும். சப்ஜி மண்டி, கரோல் பாக், பஹாட்கஞ்ச் பகுதிகளில் முஸ்லிம்கள் முன்போலப் பயமின்றி நடமாடலாம். கரோல் பாகில் வாடகைக்கு இருந்து, அஜ்மல்கான் சாலையில் கறிகாய் வாங்கிப் பழகிய தமிழ்க் குடும்பங்கள் நம்மில் எத்தனையோ! அந்தத் தெருவில் ஒரு மனிதன் பயமில்லாமல் நடப்பதற்காக ஒரு கிழவர் தம் உயிரைப் பணயம் வைத்தார் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டாமா?

முன்னறிவிப்பு

ஜனவரி 20ஆம் தேதி மாலைப் பிரார்த்தனையின்போது மைதானத்தின் அருகே ஒரு குண்டு வெடித்தது. மதன்லால் பாவா என்ற இளைஞர் பிடிபட்டார். அவரும் பஞ்சாபிலிருந்து வந்த அகதிதான். கூட்டம் கலைய, காந்தியடிகள் அசையாமல் இருந்து பிரார்த்தனையைத் தொடர்ந்தார். மறுநாள், அந்த இளைஞர்மீது யாரும் வெறுப்புக் காட்ட வேண்டாம் என்று கூட்டத்தில் கேட்டுக்கொண்டார். பிரார்த்தனைக்கு வருகிறவர்களைச் சோதனை போட்டு அனுப்பலாம் என்று உள்துறையைக் கவனித்துவந்த படேல் சொன்னபோது, அதற்கு அவர் சம்மதிக்கவில்லை.

பிடிபட்டவரிடமிருந்து கிடைத்த தகவல்களைக் கொண்டு மற்றவர்களைப் பிடிக்கப் பத்து நாட்கள் இருந்தன. பிடிக்கவில்லை. பின்னர் செங்கோட்டையில் வழக்கை விசாரித்த நீதிபதி ஆத்மா சரண், போலீசாரின் இந்த மெத்தனத்தைத் தம் தீர்ப்பில் கண்டித்தார். ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழித்து நீதிபதி கபூர் தலைமையிலான விசாரணைக் கமிஷனும் இதே கேள்வியை மறுபடி ஆராய்ந்தது.

ஜனவரி 27ஆம் தேதி காந்தியடிகள் மெஹ்ரோலி தர்காவுக்கு நேரில் சென்றார். உறுதிமொழியில் சொன்னபடி உர்ஸ் நடந்துகொண்டிருந்தது. அதற்கு மூன்று நாட்கள் கழித்து அவர் இல்லை.

யார் சுட்டது?

ஜனவரி 30, வெள்ளிக்கிழமை. மாலை 4 மணிக்குப் படேல் வந்தார். நேருவுக்கும் அவருக்கும் இருந்த கருத்து வேறுபாட்டைப் பற்றிய பேச்சு நீண்டது. இரண்டு பேரும் அரசில் இருந்தே ஆக வேண்டும் என்பது காந்தியடிகளின் முடிவு. பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டது. மனு, ஆபா இருவர் தோளிலும் கை வைத்து வேகமாக நடந்தார். கூட்டத்தை விலக்கி வந்த நாதுராம் கோட்சே, மனுவைத் தள்ளிவிட்டு மூன்று முறை சுட்டார். நேரம் 5 மணி 17 நிமிடம்.

சற்றுப் பின்னால் வந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் கல்யாணம். சிம்லாவில் பிறந்த தமிழர். காந்தியடிகளிடம் செயலாளராகப் பணியாற்றியவர். 2021இல் சென்னையில் தம் 98ஆம் வயதில் காலமானார். காந்தியடிகளின் கடைசிச் சொல் பற்றி அவர் பின்னாளில் தந்த விளக்கம்: அந்தச் சந்தடியில் தம் காதில் எதுவும் விழவில்லை. கேட்காததைக் கேட்டதாகச் சொல்லாத அந்த நேர்மை, யாரிடம் பழகினார் என்பதைக் காட்டுகிறது.

இனி நடந்ததுதான் நம் கட்டுரையின் மையம். செய்தி பரவியதும் எல்லோர் வாயிலும் வந்த முதல் கேள்வி, "உயிர் இருக்கிறதா?" இரண்டாவது கேள்வி, "யார் சுட்டது?" இரண்டாவது கேள்விக்குப் பெயர் தேவைப்படவில்லை. "எந்த ஆளுங்க?" என்பதுதான் அதன் உண்மையான பொருள். பதில் 'முஸ்லிம்' என்று இருந்தால், அன்றிரவு தில்லியிலும் மற்ற ஊர்களிலும் என்ன நடந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

மவுண்ட்பேட்டன் பிர்லா மாளிகைக்கு வந்து இறங்கியபோது, சுட்டவன் ஒரு முஸ்லிம் என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். உடனே அவர் திரும்பி, முட்டாளே, அவன் இந்து என்று உனக்குத் தெரியாதா என்று அதட்டினார். கொன்றவர் யார் என்று அந்த நிமிடத்தில் மவுண்ட்பேட்டனுக்கே உறுதியாகத் தெரியாது. ஆனால் வேறொரு பதில் நாட்டில் என்ன செய்யும் என்பது தெரியும். மாலை 6 மணி அளவில் வானொலியில் அறிவிப்பு வந்தபோது, கொன்றவர் ஓர் இந்து என்ற விவரம் அதிலேயே சேர்க்கப்பட்டிருந்தது. அந்த ஒரு சொல் எத்தனை ஆயிரம் உயிர்களைக் காத்தது என்பதற்குக் கணக்கு இல்லை.

அன்றிரவு நேருவும் படேலும் வானொலியில் பேசினார்கள். நேருவின் பேச்சு முன்கூட்டி எழுதி வைக்கப்பட்டதல்ல. ஒளி அணைந்துவிட்டது என்று தொடங்கி, இல்லை, அந்த ஒளி இன்னும் ஆயிரம் ஆண்டு தெரியும் என்று தன்னைத் தானே திருத்திக்கொண்ட பேச்சு அது. இரண்டு பேருமே பழிவாங்கும் உணர்ச்சிக்கு இடம் கொடுக்கக் கூடாது என்றார்கள். பிர்லா மாளிகையில் அந்த உடலின் அருகே, காந்தியடிகளின் விருப்பத்தை மவுண்ட்பேட்டன் எடுத்துச் சொல்ல, இருவரும் தழுவிக்கொண்டார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களில் அந்த உறவை மீண்டும் உறுதி செய்தார்கள். சாவு வீட்டில் பங்காளிச் சண்டை தீர்வதை ஊரில் பார்த்திருக்கிறோம். நாட்டின் உச்சியிலும் அன்று அதுவே நடந்தது.

பதின்மூன்று நாள்

உடலைப் பதப்படுத்திச் சில நாட்கள் வைத்திருக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதைக் காந்தியடிகள் விரும்பமாட்டார் என்று செயலாளர் பியாரேலால் எடுத்துச் சொல்ல, மறுநாளே தகனம் என்று முடிவாயிற்று. இளைய மகன் தேவதாஸ், ராஜாஜியின் மருமகன், தந்தையின் மார்பை மூடாமல் விடும்படி கேட்டுக்கொண்டார். குண்டு பாய்ந்த இடத்தை மக்கள் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். கூட்டத்தைக் கிளப்பிவிடுவதற்கு அல்ல. எந்தப் போர்வீரனின் மார்பும் இதைவிட மேலானதல்ல என்ற பெருமிதத்தோடு.

ஜனவரி 31ஆம் தேதி முற்பகல் 11.45 மணிக்கு ஊர்வலம் புறப்பட்டது. இராணுவ வண்டியின் இன்ஜினை இயக்காமல், முப்படையைச் சேர்ந்த 200 பேர் கயிறு கட்டி இழுத்தார்கள். யமுனைக் கரைக்குச் சேர மாலை 4 மணிக்கு மேல் ஆயிற்று. கூட்டம் ஏறக்குறைய பத்து லட்சம் என்று கணித்தார்கள். வானொலியில் மெல்வில் டி மெல்லோ ஏழு மணி நேரம் தொடர்ந்து வர்ணனை செய்தார். அகிம்சையைப் போதித்தவருக்கு இராணுவ மரியாதையா என்று அப்போதே முணுமுணுத்தவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சில மாதங்களுக்கு முன்புவரை தெருவெங்கும் கொலை நடந்த நகரத்தில், பத்து லட்சம் பேர் கூடிய ஒரு நாளை ஒழுங்காக நடத்தி முடித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சிதைக்குத் தீ மூட்டியவர் மூன்றாவது மகன் ராமதாஸ்.

பிறகு பதின்மூன்று நாள் துக்கம். நம் வீடுகளில் காரியம் முடியும்வரை என்னவெல்லாம் தள்ளி வைப்போமோ, அவற்றையெல்லாம் நாடு தள்ளி வைத்தது. பிப்ரவரி 11ஆம் தேதி அஸ்திக் கலசம் தில்லியிலிருந்து தனி ரயிலில் புறப்பட்டது. மூன்றாம் வகுப்புப் பெட்டிகள்தான். அவர் வழக்கமாகப் போன வகுப்பு. 12ஆம் தேதி அலகாபாத் திரிவேணி சங்கமத்தில் அஸ்தி கரைக்கப்பட்டது. அதே சமயத்தில் நாட்டின் பல நீர்நிலைகளிலும் பகிர்ந்தளித்த அஸ்தி கரைக்கப்பட்டது.

இப்படிப் பகிர்ந்து கொடுத்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. துக்கத்துக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். அழுகையோடு தெருவில் நிற்கும் கூட்டத்துக்குக் கையில் ஒரு காரியம் இருந்தால், அது கல்லை எடுக்காது. நதிக்குப் போவது, முழுக்குப் போடுவது, பஜனை பாடுவது, விரதம் இருப்பது என்று ஒவ்வொரு ஊரும் தன் பங்குக்கு ஒரு சடங்கைச் செய்தது. இடையே பிப்ரவரி 4ஆம் தேதி ராஷ்ட்ரிய ஸ்வயம்சேவக் சங்கத்தை அரசு தடை செய்தது. 1949 ஜூலையில் அத்தடை நீக்கப்பட்டது.

தமிழ் மண்ணின் துக்கம்

தமிழகத்திலும் பல வீடுகளில் அன்று அடுப்பு மூட்டவில்லை. சொந்தத் தகப்பன் போனது போலத் தலை முழுகினார்கள். காந்தியடிகளின் கடைசிப் பிறந்தநாளுக்காக எம்.எஸ். சுப்புலட்சுமி மீராவின் 'ஹரி தும் ஹரோ' பஜனையைச் சென்னை வானொலி நிலையத்தில் பாடிப் பதிவு செய்து தில்லிக்கு அனுப்பியிருந்தார். மரணச் செய்தியைத் தொடர்ந்து வானொலி அதே பாட்டை ஒலிபரப்பியது. கேட்ட அம்மையார் மயங்கிச் சாய்ந்தார் என்று சொல்வார்கள்.

கன்னியாகுமரிக் கடலிலும் அஸ்தி கரைக்கப்பட்டது. அன்று அது திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்து மண். அஸ்திக் கலசம் வைத்திருந்த இடத்தில் 1956இல் காந்தி மண்டபம் எழுந்தது. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அக்டோபர் 2ஆம் தேதி நண்பகலில், கலசம் இருந்த இடத்தின்மேல் சூரியக் கதிர் விழும்படி அந்த மண்டபத்தைக் கட்டியிருக்கிறார்கள்.

பெரியாரின் துக்கத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. காந்தியடிகளோடு பல ஆண்டுகள் கருத்து மோதல் கொண்டிருந்தவர் அவர். வகுப்புரிமை, வருணாசிரமம் என்று எதிலும் விட்டுக்கொடுக்காதவர். அப்படிப்பட்டவர் இந்த நாட்டுக்கே காந்தியின் பெயரைச் சூட்ட வேண்டும் என்று எழுதினார். மக்கள் அமைதி காக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். கொன்றவர் எந்தச் சாதி என்ற செய்தி அதற்குள் தமிழகத்துக்கும் வந்துவிட்டது. பிராமணர் அல்லாதார் இயக்கம் வலுவாக வேரூன்றிய மண் இது. ஆனாலும் இங்கே அக்கிரகாரங்கள் எரியவில்லை.

தவறிய இடங்கள்

வேறொரு மாநிலத்தில் எரிந்தன. கொன்றவர் 'இந்து' என்ற சொல் முஸ்லிம்களைக் காத்தது என்று பார்த்தோம். ஆனால் கேள்வி அதோடு நிற்கவில்லை. "இந்து சரி, இந்துவில் எந்த ஜாதி?" என்று அடுத்த படிக்குப் போனது. கோட்சே மராட்டியச் சித்பாவன பிராமணர் என்று தெரிந்ததும் புணே, சாதாரா, கோலாப்பூர், சாங்லி, நாக்பூர் என்று பல பகுதிகளில் பிராமணர் வீடுகளும் கடைகளும் கொளுத்தப்பட்டன. கொலைக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கோலாப்பூரில் திரைப்பட இயக்குநர் பால்ஜி பெண்டார்க்கரின் ஸ்டுடியோ தீக்கிரையானது. கிராமங்களை விட்டு நகரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் ஏராளம். அந்த நாட்களை வைத்து மராத்தி எழுத்தாளர் வெங்கடேஷ் மாட்கூள்கர் ஒரு நாவலே எழுதினார்.

அகிம்சையைப் போதித்தவருக்காக அழுதுகொண்டே அடுத்தவன் வீட்டுக்குத் தீ வைத்தார்கள் என்பதை நினைக்கும்போது மனம் கூசுகிறது. ஆகவே 1948ஐ ஒரு பொற்காலமாக நான் காட்ட விரும்பவில்லை. பெரும்பான்மையின் பெயரைச் சொன்னால் எவருக்கும் ஆபத்தில்லை. எல்லோர் வீட்டையும் யாரால் எரிக்க முடியும்? எண்ணிக்கையில் சிறிய ஒரு கூட்டத்தின் பெயரைச் சொன்னால், அது குறிபார்த்துச் சுடுவது போலாகிவிடுகிறது. உண்மையைச் சொல்வது மட்டும் போதாது, சொன்ன பிறகு அந்தச் சிறிய கூட்டத்தின் வாசலில் அரசும் அண்டை வீட்டாரும் போய் நிற்க வேண்டும் என்பதுதான் அன்றைய மகாராஷ்டிரம் கற்றுத்தரும் பாடம்.

அந்தப் பாடத்தை நாம் படிக்கவில்லை என்பதற்கு 1984 சாட்சி. அக்டோபர் 31ஆம் தேதி காலை, பிரதமர் இந்திரா காந்தியை அவர் வீட்டுத் தோட்டத்திலேயே இரண்டு மெய்க்காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். இருவரும் சீக்கியர்கள். சீக்கியக் காவலர்களை மாற்றிவிடலாம் என்று சொல்லப்பட்ட யோசனையை ஏற்காத தலைவர் அவர். அவருடைய துணிச்சலுக்கு அதுவே அடையாளம். ஆனால் அவருக்காகத் துக்கம் காக்க வந்ததாகச் சொல்லிக்கொண்ட கூட்டம் திரிலோக்புரியிலும் மங்கோல்புரியிலும் சுல்தான்புரியிலும் என்ன செய்தது? தில்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அரசே பின்னர் ஒப்புக்கொண்டது. பிரதமர் மன்மோகன் சிங் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2005இல். ஒரு முன்னாள் எம்.பி.க்கு உயர்நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2018இல். 1948இல் முதல் மணி நேரத்திலேயே செயல்பட்ட அரசு இயந்திரம், 1984இல் மூன்று நாள் கைகட்டி நின்றது.

நம் முறை வந்தபோது

1991 மே 21ஆம் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். நான் அப்போது தில்லியில் ஓர் அரசுக் குடியிருப்பில் குடும்பத்தோடு இருந்தேன். நடு இரவில் தொலைபேசியில் செய்தி வந்தது. துக்கம் தொண்டையை அடைத்தது உண்மை. ஆனால் அதற்கு அடுத்த நொடியே மனத்தில் எழுந்த கேள்வி, "செஞ்சது யாரு? நம்ம ஆளுங்களா?" என்பதுதான். 1984ஐ இதே ஊரில் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். புகை எழுந்த திசை இன்னும் நினைவில் இருந்தது.

மறுநாள் காலை வீட்டில் கோலம் போடவில்லை. துக்கத்துக்காகவா, பயத்துக்காகவா என்று கேட்டால் இரண்டும்தான். பஸ்ஸில் தமிழில் பேசிக்கொள்ள வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்தோம். அலுவலகத்தில் சிலர், "உங்க ஊர்ல இப்படி நடந்துடுச்சே" என்றார்கள். 'உங்க ஊர்' என்ற சொல் அன்றைக்குப் போல என்றைக்கும் கனத்ததில்லை. நம்மில் பலருக்கும் இதே அனுபவம் இருக்கும்.

மாடிப்படியில் எதிர்ப்பட்ட ஒரு சீக்கிய முதியவர் மட்டும் வேறு விதமாகப் பேசினார். "பால் வாங்க நீங்க போக வேண்டாம், பையனை அனுப்பறேன்" என்றார். எங்கள் மதர் டெய்ரி பூத் கூப்பிடு தூரத்தில்தான். ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அவரும் விளக்கவில்லை. விளக்கம் தேவைப்படாத ஆண்டு அது.

நல்லவேளையாக, 1984இல் சீக்கியருக்கு நடந்தது 1991இல் தில்லித் தமிழருக்கு நடக்கவில்லை. கொலைக்குக் காரணம் விடுதலைப் புலிகள் என்று புலனாய்வில் வெளிவந்தது. அந்தப் புலனாய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரே டி.ஆர். கார்த்திகேயன் என்ற தமிழர்தான். கொன்றவர்களின் மொழியும் கொலையைத் துப்பறிந்தவரின் மொழியும் ஒன்றுதான். ஒரு மொழியை, ஒரு சாதியை, ஒரு மதத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டுமா?

துக்கத்தின் நிறைவு

காந்தியடிகள் கொலை வழக்கில் 1949 பிப்ரவரி 10ஆம் தேதி தீர்ப்பு வந்தது. கோட்சேவுக்கும் நாராயண் ஆப்தேவுக்கும் தூக்கு. அவர்களின் உயிரைப் பறிக்க வேண்டாம் என்று கேட்டவர்கள் யார் தெரியுமா? காந்தியடிகளின் மகன்கள் மணிலாலும் ராமதாஸும். சிதைக்குத் தீ வைத்த அதே ராமதாஸ்! நேருவும் படேலும் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியும் அதை ஏற்கவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி அம்பாலா சிறையில் தண்டனை நிறைவேறியது. அரசின் நியாயம் ஒன்று, மகன்களின் நியாயம் ஒன்று. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் தந்தையை இழந்த வீட்டிலிருந்தே அந்தக் குரல் வந்தது என்பதை மறக்கக் கூடாது. ராஜீவ் காந்தி வழக்கிலும், நளினியின் தூக்குத் தண்டனையைக் குறைக்கலாம் என்று சொன்னவர் கணவரை இழந்த சோனியா காந்தி. 2000இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. இழந்தவர்கள் பழி கேட்காத இடங்களில், இழப்பே இல்லாத கூட்டம் பழி கேட்டுத் தெருவில் இறங்குகிறது. இதை நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன்.

ஆக, கொலையுண்ட தலைவருக்குத் துக்கம் காப்பது என்றால் என்ன? அவர் எந்த வேலையைப் பாதியில் விட்டுப் போனாரோ, அதற்குக் குந்தகம் வராமல் பார்த்துக்கொள்வது. காந்தியடிகள் விட்டுப்போன வேலை, ஜனவரி 18 உறுதிமொழியில் எழுதியே இருக்கிறது: எண்ணிக்கையில் குறைந்தவன் தன் தெருவில் பயமில்லாமல் நடக்க வேண்டும். பிற மாநிலத்தில் பிழைக்கும் நாமெல்லாம் ஏதோ ஒரு தெருவில் எண்ணிக்கையில் குறைந்தவர்கள்தான். நாம் பெரும்பான்மையாக இருக்கும் நம் சொந்த ஊரில், நம்மை நம்பி வாழ்கிற சிறிய கூட்டங்களும் உண்டு. இந்த இரண்டையும் சேர்த்து நினைத்தால்தான் அந்த உறுதிமொழி நமக்கு முழுதாக விளங்கும்.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 30ஆம் தேதி காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம் காக்கிறோம். தலைநகருக்கு வரும் நம் உறவினர்கள் ராஜ்காட்டுக்கும் போய் வருகிறார்கள். அடுத்த முறை பிள்ளைகளை தீஸ் ஜனவரி மார்குக்கும் அழைத்துப் போங்கள். அவருடைய கடைசி நடையைக் கல்லில் பாதச் சுவடுகளாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து நேரே மெஹ்ரோலிக்குப் போய், குத்புமினாரைப் பார்க்கும் கையோடு அந்தத் தர்கா வாசலிலும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கடைசியாக அவர் ஏன் அங்கே போனார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அப்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள்.